மெட்டில்டா கொடுத்த நற்சான்று

"மேல் வீட்டு ஜீவிதாவப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும் மேடம். அஞ்சு நிமிஷம் போதும்."

இட்லி மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்த மெட்டில்டா நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் ஓர் இளைஞன். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. அட்டையில் தாம்பரத்துக் கன்சல்டன்சி ஒன்றின் பெயர். அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வந்துட்டான்யா வெரிஃபிகேஷன்காரன்!

இதற்காகத்தானே ஜீவிதா ஒரு வாரமாக அவளுக்குப் பாடம் எடுத்திருந்தாள்.

"அக்கா, பெருங்குடி கம்பெனில செலக்ட் ஆயிட்டேன். ஆனா ஆர்டர் தர்றதுக்கு முன்னாடி கன்சல்டன்சிலருந்து ஆள் அனுப்பி அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. வேலைதான் எனக்கு உசுருன்னு சொல்லு. கல்யாணம் ஆகி லீவு போடுற ஆளுன்னு தோணுச்சோ, வேற ஆளைப் பாத்துப் போயிடுவாங்க."

பாவம், ஆட்குறைப்பில் பழைய வேலையைப் பறிகொடுத்த பெண். அப்பா இல்லாத வீடு. அம்மா ஒருத்தி சம்பளத்தில் கோவிலம்பாக்கத்தில் வாடகை கொடுத்து எத்தனை நாள் ஓட்டுவது? இந்த வேலையும் கை நழுவினால் தாயும் மகளும் நடுத்தெருதான். மெட்டில்டா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"குந்து சார். இன்னா வோணுமோ கேளு."

"ஆள் எப்படிங்க? எல்லார்கிட்டயும் அனுசரிச்சுப் போவாங்களா?"

"அனுசரிச்சா? அதுகிட்டதான் சார் மத்தவங்க அனுசரிச்சுப் போவணும்! பழைய ஆபீஸ்ல இருபது ஆம்பளைங்க இது கீழ வேலை செஞ்சாங்க. ஒரு அதட்டல் போட்டா எல்லாம் கப்சிப்."

அவன் சிரிப்பான் என்று பார்த்தாள். அவனோ நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"வீட்டுக்கு நேரத்துக்கு வந்துடுவாங்களா?"

"வூடா? வேலைன்னு வந்துட்டா அதுக்கு வூடு வாசலே மறந்துபூடும். நைட்டு பன்னெண்டானாலும் முடிச்சிட்டுதான் எழும். ஞாயித்துக்கெழம கூப்புடு, கோயிலுக்குக்கூடப் போவாம வந்து நிக்கும்."

அவன் முகம் சுருங்கியது. இதென்ன கூத்து! இவ்வளவு உசத்திச் சொல்லியும் இவனுக்கு ஏன் திருப்தி இல்லை? மெட்டில்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வீட்டு வேலை, சமையல் எல்லாம்..." என்று இழுத்தான்.

அடேயப்பா, எப்படியெல்லாம் போட்டு வாங்குகிறான்! அந்த வீட்டில் மீன் குழம்பு வைப்பதே ஜீவிதாதான். வாசனை கீழே இறங்கி வந்து மெட்டில்டாவின் நாக்கில் நீர் ஊறவைக்கும். அதை இவனிடம் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

"டீ போடக்கூடத் தெரியாது சார். அடுப்பு எந்தப் பக்கம் கீதுன்னுகூட அதுக்குத் தெரியாது."

அவன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கல்யாணத்தைப் பத்தி அவங்களுக்கு என்ன எண்ணம்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

இதோ, விஷயத்துக்கு வந்துவிட்டான்! மெட்டில்டா நாற்காலிக்கு அருகே நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பேச்ச எடுத்தாலே எரிஞ்சு வுழும் சார். குன்றத்தூர்லருந்து ஒரு வரன் வந்துச்சு, தொரத்தி வுட்டுட்டுச்சு. அஞ்சு வருஷத்துக்குக் கல்யாணம் கெடையாதுன்னு கறாரா சொல்லிட்டுச்சு. கொழந்தைங்கன்னாலே அதுக்கு ஆவாது. நீ தைரியமா முடிவு பண்ணு சார்."

"முடிவு பண்ணிட்டேங்க. ரொம்ப தேங்ஸ்" என்று எழுந்தான். நடுவில் அவள் கொடுத்த மோரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. வண்டியைக் கிளப்பும்போது மேல் வீட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

மெட்டில்டா பாதி மோரோடு டம்ளரை உள்ளே எடுத்துப்போனாள். நல்லதைத்தானே சொன்னோம்? ஒருவேளை போதவில்லையோ? ராத்திரி ஷிஃப்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமோ? பிற்பகல் முழுக்க மாவு வாங்க வந்தவர்களுக்குச் சில்லறையைக்கூடத் தப்புத் தப்பாக எண்ணிக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஜீவிதா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஐயோ, வேலை போச்சாம்மா?" மெட்டில்டா பதறினாள்.

"இல்லக்கா. ஆர்டர் காலைலயே மெயில்ல வந்துடுச்சு."

"காலைலயேவா? அப்புறம் மத்தியானம் எதுக்கு ஆளு வந்து விசாரிச்சான்?"

"வெரிஃபிகேஷனைப் போன்லயே முடிச்சிட்டாங்களேக்கா. யார் வந்தது? நீ என்ன சொன்ன?"

மெட்டில்டா ஒன்று விடாமல் ஒப்பித்தாள். ஒப்பிக்க ஒப்பிக்க ஜீவிதாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கைப்பேசியை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள்.

"இவரா பாரு."

"இவரேதான்! கன்சல்டன்சி சார்! வேலைதான் கெடைச்சிடுச்சே, அப்புறம் ஏம்மா அழுவுற?"

ஜீவிதா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவர் பேரு பென்னி. தாம்பரத்துல வேற ஒரு கன்சல்டன்சில வேலை பாக்குறார். எனக்குப் பாத்திருந்த மாப்பிள்ளைக்கா. எனக்கு ரொம்பப் புடிச்சிருந்தது. பொண்ணுக்குக் கல்யாணம்னாலே ஆகாதாமேன்னு இப்பதான் அவங்க அம்மா போன் பண்ணி வேணாம்னுட்டாங்க. கம்பெனிக்காரங்ககிட்ட நீ உளறிடுவியோன்னு பயந்துதான், மாப்பிள்ளை பாத்திருக்கறதையே உன்கிட்ட சொல்லாம மறைச்சேன்."