ஹாஜி மயங்கிய வீடு

"யஸ்த் ஊர் மண் வீடுன்னா யஸ்த் வீடுதான்யா! வெளிய ஊரே வேகுது, இங்க எலும்புக்குள்ள இறங்குது பாரு காத்து!"

மேலே வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் காற்றுக் கோபுரத்துக்கு நேர் கீழே திண்டில் சாய்ந்துகொண்டு ஹாஜி ஹஷ்மத் சொன்னார். வீட்டுக்காரன் கெய்வானுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்த நொடி கரண்ட் போனது. கூடவே காற்றும் போனது.

போகாமல் என்ன செய்யும்? புறாத் தொல்லை என்று கோபுரத்தின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே ஒரு ஏர்கூலரை ஒளித்து வைத்திருந்த மேதாவி கெய்வானேதான்.

சுவரும் மண் இல்லை, சிமெண்ட். வந்து தங்குகிற பயணிகள் படம் பிடிக்க வேண்டுமே என்று, மண் நிறச் சாயத்தில் வைக்கோலைக் கலந்து மேலே பூசியிருந்தான். பூசியதோடு விட்டானா? பாட்டன் காலத்து மண் வீடு என்று, கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பரஸ்தூவிடம் அளந்துவிட்டான். அவள் அதை அப்பாவிடம் சொல்ல, ஹாஜி மகளையும் கூட்டிக்கொண்டு தன் ஊரான காஷானிலிருந்து கிளம்பி வந்துவிட்டார்.

வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பெண் தருவதைப் பற்றிப் பேச்சு. மண் வீட்டில் பிறந்தவள் சிமெண்ட் பெட்டிக்குள் வாழமாட்டாள் என்பது அவர் கட்சி.

சிமெண்ட் பெட்டி இப்போது சூடாகத் தொடங்கியது.

"என்ன தம்பி, உங்க ஊர் காத்துக்கு அதுக்குள்ள களைப்பா?" ஹாஜி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திசை மாறுது ஹாஜி. இதோ வந்துரும்."

வந்தது மயக்கம். ஹாஜி அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தார். நல்லவேளை, உதடு மட்டும் அசைந்தது.

"மண்ணு... ஈர மண்ணு..."

இந்தப் பக்கத்தில் யார் மயங்கினாலும் அதுதான் கை வைத்தியம். சுவரில் ஒரு சில்லு பெயர்த்து, தண்ணீர் தெளித்து, மூக்கருகே பிடித்தால் ஆள் எழுந்துவிடுவார். மண் வீட்டில் மண்ணுக்கா பஞ்சம்?

கெய்வான் சாவியால் சுவரைச் சுரண்டினான். சாயம் உதிர்ந்து சாம்பல் நிறச் சிமெண்ட் பல்லிளித்தது. தூண் பின்னால் ஓடிச் சுரண்டினான், அங்கேயும் அதே இளிப்பு. முற்றத்துக்குப் பாய்ந்தான். முற்றம் முழுக்க டைல்ஸ், அதுவும் அவன் ஆசைப்பட்டுப் போட்டது. தெருவிலோ தார். பக்கத்து வீட்டுக்கு ஓடலாம் என்றால், அந்த வீட்டுக்கும் பூசிக் கொடுத்த புண்ணியவான் அவனே.

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயிற்று. அதற்கும்கூட இந்த வீட்டில் மண் கிடையாது!

திரும்பி வந்து பரஸ்தூ முன்னால் உட்கார்ந்தான். தந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவனுக்கு அழுகை முட்டியது.

"பரஸ்தூ, இந்த வீட்டுல மண்ணே இல்ல. எல்லாம் சிமெண்ட். நான் சொன்னது அத்தனையும் பொய்."

"தெரியும். மெதுவா பேசுங்க."

அவள் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வைக்கோல் துருத்திக்கொண்டு நிற்கும் காய்ந்த மண் கட்டி ஒன்று இருந்தது.

"நீங்க அனுப்பின படத்தைப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு. எந்த மண் சுவர் அவ்வளவு நேரா இருக்கும்? சிமெண்ட் வீட்டு வெக்கையில அப்பா கண்டிப்பா விழுவார்னு தோணுச்சு. அதான் எங்க வீட்டு மாடியிலேர்ந்து பேத்துட்டு வந்தேன்."

அவன் வாய் பிளந்தது.

"வாயை மூடிட்டு விசிறுங்க."

குவளைத் தண்ணீரை மண் கட்டியில் தெளித்து, ஹாஜியின் மூக்கருகே பிடித்தாள். அவர் ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று, இன்னும் ஆழமாக. முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அடேயப்பா!" கண்ணைத் திறக்காமலே ஹாஜி சொன்னார். "இதுல்ல மண்ணு! எங்க காஷான்ல ஏது இந்த வாசனை? பொண்ணத் தரேன்டா!"

கெய்வான் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக விசிறினான்.