கூடப்பிறந்த இனம்

"அக்கான்னு சொல்றீங்க. அவங்க பிறப்புச் சான்றிதழ்ல இனம் வேற, உங்களோடதுல வேற. யாருக்கும்மா காது குத்துறீங்க?" மருத்துவமனை எழுத்தர் கோப்பை மூடினார்.

"அரசாங்கம் இனப் பட்டியலை இடையில மாத்திடுச்சு சார். அவளுக்குப் பழைய பேரு, எனக்குப் புதுப் பேரு. பத்து மணிக்கு ஆபரேஷன். என் கிட்னி இல்லாட்டி அவ பிழைக்க மாட்டா!"

"கிட்னி விக்க வர்றவங்க எல்லாருமே கூடப்பிறந்தவங்கன்னுதான் சொல்றாங்க."

"ஒரே ஒரு தடவை அவளை வந்து பாருங்க."

முணுமுணுத்தபடியே வார்டுக்கு வந்தவர் திரையை விலக்கினார். பக்கத்தில் நின்றவளின் அதே முகம் படுக்கையிலும் இருந்தது.

"இரட்டைப் பிறவி சார். நான் பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில கிடந்ததால லேட்டா பதிஞ்சாங்க."

எழுத்தர் இரண்டு முகங்களையும் பார்த்தார். பிறகு இரண்டு சான்றிதழ்களையும் பார்த்தார்.

"முகம் ஒத்துப்போகுதும்மா. இனம் ஒத்துப்போகலையே!"