தோடம்பழப் பெட்டி

வேலை முடிந்த மாலைகளில், டென்மார்க்கின் வைலே நகரத்து அறையில், அமெரிக்கத் தோடம்பழங்களை ஏற்றிய ரயில் குளிர்ப்பெட்டிகளின் மாதிரிகளை நிக்கலஸ் உள்ளங்கையளவில் மரத்தில் செய்தான். நிஜப் பெட்டிக்குள் வைத்தது வாரக்கணக்கில் கெடாதாம்.

1988. மனைவியையும் மகளையும் தன்னிடம் அழைக்கப் போட்ட விண்ணப்பத்துக்குப் பதினாறு மாதமாகப் பதிலில்லை. விண்ணப்பத்துக்கு எடுத்த புகைப்படங்களில் மிஞ்சிய, இருவரும் நிற்கும் ஒரு படத்தை, அவர்கள் வந்துசேரும்வரை பத்திரமாக இருக்கட்டுமென்று தான் செய்த பெட்டியொன்றுக்குள் வைத்துக் கதவைப் பசைபோட்டு ஒட்டினான்.

சித்திரையில் மன்னாரிலிருந்து மனைவியின் கடிதம் வந்தது.

"இஞ்சாருங்கோ, இந்த வெய்யிலுக்கையும் பிள்ளை குளிருது எண்டு நடுங்கிறாள். எனக்கும் விரல் விறைக்குது. வீடு முழுக்கத் தோடம்பழ மணம். கெதியாக் கூப்பிடுங்கோ."

நிக்கலஸ் பெட்டியைத் தொட்டான். பனிக்கட்டிபோல் இருந்தது. கதவு அசையவில்லை.

கதவைப் பிளக்கக் கத்தியை எடுத்தான். உள்ளே அவர்கள் எந்தப் பக்கமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.