நடுக்கட்டத்துக்கு வந்த ராஜா

சதுரங்கப் போட்டியில் அந்த ஆட்டம் முழுக்க வெள்ளை ராஜா மூன்று சிப்பாய்களின் முதுகுக்குப் பின்னால்தான் பதுங்கிக் கிடந்தார். சொந்த ராணி வெட்டுப்பட்டபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ஆடிய இருவரும் அலுத்துப்போய், டிரா என்று கைகுலுக்கினார்கள். டிரா ஆனால் இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவே நிறுத்திவைப்பது அங்கே வழக்கம்.

நடுவே வந்ததும் வெள்ளை ராஜா மீசையை முறுக்கினார். வெட்டுப்பட்டு ஓரமாய்க் கிடந்த சிப்பாய்களைப் பார்த்து, "பாத்தீங்களாடா, எதிரிக்கு நேருக்கு நேர் நிக்கிறேன்!" என்று முழங்கினார்.

எதிரே நின்ற கறுப்பு ராஜா மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, ஆட்டம் நிஜமாவே முடிஞ்சிடுச்சுல்ல?"

வெள்ளை ராஜா குரலைத் தாழ்த்தினார். "அவங்க கைகுலுக்கினதை ரெண்டு கண்ணாலயும் பாத்த பிறகுதான் தம்பி, நான் மீசையிலயே கை வெச்சேன்."