கோஹிமா மண்

டம்ளரில் ஒட்டியிருக்கும் மண்ணை யாரும் துடைத்துவிடக் கூடாது என்று ஏஞ்சலோ வீட்டில் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அது கோஹிமா மண். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பான்காரனோடு சண்டை போட்டு அவனுடைய தாத்தா விழுந்த மண்.

மாதா படத்துக்கு முன்னால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தப் பித்தளை டம்ளர் வீற்றிருந்தது. விளிம்புக்குக் கீழே 'ஞா. சூசைமாணிக்கம்' என்று பேர் வெட்டியிருந்தது. தாராவியில் அந்தச் சந்தில் குடியிருக்கும் அத்தனை பேரும் வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பத்ரிநாராயணன் மட்டும் டம்ளர் பக்கமே திரும்பவில்லை. ஏனென்றால் அது கோஹிமா மண் இல்லை. செம்பூரில் அவர் வீட்டு பால்கனியில் இருக்கும் துளசித் தொட்டி மண்.

பத்ரிக்கு ஒரு பைத்தியம் உண்டு. வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு, மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு பழைய போர்க்களத்துக்குப் போய் மண்ணைத் தோண்டுவார். தோட்டா, பொத்தான், ஹெல்மெட் துண்டு என்று எது கிடைத்தாலும் அவருக்குப் புதையல்தான். மனைவி பத்மஜா தலையில் அடித்துக்கொண்டே அதற்கும் ஒரு ஷோகேஸை ஒழித்துக் கொடுத்திருந்தாள்.

ஏஞ்சலோ ஆபீஸில் அவருக்குப் பக்கத்து சீட். இவர் போவது கோஹிமாவுக்கு என்று தெரிந்த நாளிலிருந்து பிடித்துக்கொண்டான். தாத்தா பட்டாளத்தில் செத்துப்போனவர், உடம்புகூட வந்து சேரவில்லை, அம்மா சேசம்மாள் அப்போது தொட்டில் பிள்ளை. அம்மா கண்ணை மூடுவதற்குள் தாத்தாவுடையது என்று ஒரு பொத்தானாவது கொண்டுவந்து கொடுங்கள் சார் என்பான்.

தேடுவதற்கு ஏதாவது ஒரு பிடி வேண்டாமா? எந்த ரெஜிமெண்ட், என்ன நம்பர் என்று பத்ரி கேட்கும்போதெல்லாம் சேசம்மாளுக்கு அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும். எழுந்து உள்ளே போய்விடுவார். ஒவ்வொரு வருஷமும் வெறுங்கையோடு திரும்பி வந்து, ஏஞ்சலோவின் முகம் தொங்கிப்போவதைப் பார்ப்பதுதான் மிச்சம்.

இந்த வருஷம் பத்ரியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சோர் பஜாரில் ஒரு பழைய டம்ளரை வாங்கினார். பேர் வெட்டாத பாத்திரம் ஒன்றாவது நம்மவர்கள் வீட்டில் உண்டா? மாட்டுங்கா பாத்திரக்கடையில் கொடுத்துப் பேர் வெட்டி வாங்கினார். கல்யாணச் சீரா என்று கேட்ட கடைக்காரரிடம் தலையை ஆட்டிவைத்தார். அப்புறம் அதைத் துளசித் தொட்டிக்குள் புதைத்து, தினமும் காலையில் குளித்ததும் தண்ணீர் விட்டார். இவருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதே என்று பத்மஜாவுக்கு ஒரே சந்தோஷம்.

நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் ஏஞ்சலோ அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதே பத்ரி கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் சொல்லிவிட்டான். சான்பாடாவிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்களாம். பாதிரியார் டம்ளரைப் பீடத்தில் வைத்து மந்திரிக்கப் போகிறாராம்.

கோஹிமா மலையில் பேர் தெரியாமல் கிடக்கிறவர்கள் எத்தனை பேர். அவர்களுடைய பொத்தான்களைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறவர்தான் பத்ரி. அப்படிப்பட்டவர் ஒரு செத்த மனுஷனை வைத்து நாடகம் ஆடிவிட்டார். தன்னை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

சேசம்மாள் இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. டம்ளரைப் பார்த்தார். வெட்டியிருந்த பேரை விரலால் தடவினார். பிறகு பத்ரியைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"அம்மா ஏக்தம் சைலண்ட் ஆயிட்டாவ சார். அம்புட்டுத் துக்கம்" என்று ஏஞ்சலோ காதோடு சொல்லிவிட்டு, வந்தவர்களை வழியனுப்பத் தெருமுனை வரை போனான்.

வீட்டில் இரண்டே பேர். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. பத்ரி எழுந்து சேசம்மாளின் முன்னால் போய் நின்றார்.

"என்னை மன்னிக்கணும்மா. இது அங்கே கெடச்சதில்லே. நான்தான் வாங்கிப் பேர் வெட்டினேன். ஏஞ்சலோ வந்ததும் நானே சொல்லிடறேன்."

சேசம்மாள் திடுக்கிடவில்லை. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பத்ரியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அவங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீய. நீங்க பையிலேருந்து எடுக்கயிலேயே எனக்குத் தெரியும், இது பொய்னு."

பத்ரி டம்ளரைத் திரும்பிப் பார்த்தார். எழுத்து புதுசாகத் தெரிகிறதா, இல்லை மண் காட்டிக்கொடுத்துவிட்டதா? எப்படித் தெரிந்தது என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

சேசம்மாள் மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். இத்தனை வருஷமாக உங்களை அந்தக் குளிரில் மண்ணைத் தோண்ட விட்டேனே, அந்தப் பாவத்துக்கு முன்னால் உங்கள் பாவம் ஒன்றுமே இல்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கப்பா பட்டாளத்துக்கே போவல தம்பி. பக்கத்து வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டுக் கொழும்புக்குல்லா போனாரு."