ஹார்லனின் ஓட்டு

ரயில்வே கேட்டுக்கு மேல் பாலம் கட்ட மத்திய அரசின் நிதி வேண்டும். அதைப் பேசி வாங்க வாஷிங்டனில் ஒரு தரகரை அமர்த்தலாம் என்று மூன்று வருடமாக நகர மன்றத்தில் கேட்டுவந்தாள் வெர்லீன். மூன்று முறையும் சக உறுப்பினர் ஹார்லனின் ஒரே ஓட்டில் தோற்றாள்.

“நம்ம வரிப்பணத்தை நாம கேட்டு வாங்க எதுக்கும்மா தரகன்? நான் லெட்டர் போடுறேன், வரும்” என்பார் அவர்.

இரண்டு வாரம் வெளியூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, இன்று விமான நிலையத்திலிருந்து நேராகக் கூட்டத்துக்கு ஓடிவந்தாள். வாக்கெடுப்பில் ஹார்லன் முதல் ஆளாக ஆதரித்துக் கை தூக்கினார்.

“என்ன ஹார்லன், தரகன் உங்களுக்கு விருந்து வச்சுட்டானா?” என்று சிரித்தாள் வெர்லீன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“போன செவ்வாக்கிழமை ஆம்புலன்ஸ் கேட்டுல மாட்டிக்கிச்சு வெர்லீன். உள்ள என் பொண்டாட்டி ஓபல். ‘பதறாதீங்க, பெட்டியை எண்ணுங்க, போயிடும்’னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நூத்திப்பத்து வரைக்கும் எண்ணினேன். ரயில் போய்க்கிட்டேதான் இருந்துச்சு. அவ கைதான் பிடியை விட்டுடுச்சு.”

தீர்மானம் நிறைவேறியதாக மேயர் அறிவித்தார். வெர்லீன் எழுந்து போய் ஹார்லன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.