திரும்பிப் போன லாரி

“லாரியத் திருப்புங்கண்ணே. இந்தக் கலவை எங்க வீட்டுக்கு வேணாம்.”

கயல்விழி சொன்னதைக் கேட்டதும் பந்தலில் போண்டா தின்றுகொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அப்பா தேவநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ‘தானே’ புயலில் ஓட்டுக் கூரை பிய்த்துக்கொண்டு போனதிலிருந்து தார்ப்பாய்க்கு அடியில் குடும்பம் நடத்துகிறவர். இன்றைக்குத் தளம் போடுகிறோம் என்று மஞ்சக்குப்பத்தில் பாதிப் பேரைக் கூப்பிட்டிருந்தார்.

“வெளையாடுறியா பாப்பா? மழைக்குள்ள மேல கூர வேணாமா? அதுவும் ஒனக்கு ஃபீஸ் கட்டுற கம்பெனி லாரி! பாதி வெலைக்குக் குடுத்திருக்காங்க. மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்புனா, ஒன் படிப்பு என்னா ஆவும்?”

“மச்சான், லாரி போனா போவட்டும். போண்டாவத் திருப்பி அனுப்பிடாதீங்க” என்றார் பந்தலிலிருந்து ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

சிதம்பரத்தில் புதிதாக வந்த கான்கிரீட் டிகிரியில் கயல்விழி இரண்டாம் வருஷம். பாடம் காலேஜில், பயிற்சி கம்பெனியில். ஃபீஸ் கம்பெனி பொறுப்பு, படித்து முடித்தால் வேலையும் அங்கேயே. காலையில் கலவை பிளாண்டில் நின்று, கிளம்புகிற லாரிகளில் பதம் பார்த்து அனுப்புவது அவள் வேலை. இன்றைக்கும் முதல் லாரியை அனுப்பிவிட்டுத்தான், வீட்டில் விசேஷம் என்று ஓடி வந்திருந்தாள்.

கோர்ஸை நடத்துகிற லூர்துசாமி சாரும் வந்திருந்தார். சும்மா வரவில்லை. பிள்ளைகளை இதில் சேர்ப்பதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த பெற்றோரை ஒரு வேனில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார். ‘எங்க ஸ்டூடண்ட் தன் வீட்டுக்கே தளம் போடுறத வந்து பாருங்க’ என்று.

போன வருஷம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. இந்த வருஷமும் அப்படியே இருந்தால் கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளும். கோர்ஸுக்கே மூடுவிழாதான்.

சாருக்கு வேர்த்துக் கொட்டியது.

“கயல், அவசரப்படாதம்மா. கம்பெனிக்கு ஒரு போன் போட்டுப் பேசிக்கலாமே?”

“நீங்களே பாருங்க சார்.”

பதம் பார்க்கிற இரும்புக் கூம்பைத் தட்டில் நிறுத்தினாள். லாரிக் கலவையை அதில் நிரப்பி, கம்பியால் குத்தி, கூம்பை மெதுவாக மேலே தூக்கினாள். கொஞ்சம் அமுங்கி அப்படியே நிற்க வேண்டிய கலவை, கூழாகத் தட்டு முழுக்க ஓடியது.

“தண்ணி ஜாஸ்தி சார். இப்ப ஊத்துறதுக்கு சொகமா இருக்கும். போவப் போவ வெடிப்பு விட்டு ஒழுவும். அப்புறம் பேத்துக்கிட்டு தலையில கொட்டும்.”

அக்கா மலர்க்கொடிக்கு எரிச்சல் தாங்கவில்லை. நெல்லிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். தளம் போடுகிற வேடிக்கை பார்க்க இடுப்பில் பிள்ளையோடு பஸ் ஏறி வந்திருந்தாள்.

“ரொம்பத்தான் பண்ணாதடி. எங்க தெருவுல புது பால்வாடிக்கு இன்னைக்குக் காலையில இதே கம்பெனி லாரிதான் வந்து ஊத்திட்டுப் போச்சு. அங்க யாராவது கூம்பத் தூக்கிக்கிட்டு வந்தாங்களா? ஊருக்கெல்லாம் நல்லா இருக்கறது ஒனக்கு மட்டும் ஆவாதா?”

கயல் அக்காவை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

“இதுக்கு அடியிலதானப்பா நீங்களும் அம்மாவும் படுக்கணும்? என் படிப்பு போனா போவட்டும்.”

தேவநாதன் துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார்.

வேனில் வந்த ஜெயராணி எழுந்து நின்றுவிட்டாள். ‘பொம்பளப் புள்ளைக்கு சிமெண்டு படிப்பாமே’ என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

“சார், எம் பொண்ணு பேர மொதல்ல எழுதிக்குங்க. ஃபீஸ் கட்டுறவங்க லாரியா இருந்தாலும் தப்புன்னா தப்புன்னு சொல்லுதே இந்தப் புள்ள! இந்தப் படிப்புதான் வேணும் எனக்கு.”

“எம் பையனையும் சேத்துக்குங்க சார்.”

“எங்க வீட்டுப் புள்ளைக்கும் ஒரு எடம் போட்டு வைங்க.”

லூர்துசாமி சாருக்கு வாயெல்லாம் பல். அவர்தான் முதலில் கை தட்டினார். பந்தலே சேர்ந்து தட்டியது.

டிரைவர் பக்கிரி மட்டும் லாரிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தபடி நின்றான்.

“நான் எடுத்துக்கிட்டுப் போயிடுறேன் பாப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத.”

“கேளுங்கண்ணே.”

“காலையில நெல்லிக்குப்பத்துக்குக் கொண்டு போன மொத லாரியும் இதே பதம்தான? கூம்புல இப்படித்தான ஓடுச்சி? நீதான நின்னு பாத்த? ‘கவர்மெண்டு கட்டடம்தாண்ணே, யாரு வந்து பாக்கப் போறா, கெளம்புங்க’ன்னு அனுப்பி வச்ச. நானும் பால்வாடியில ஊத்திட்டு வந்துட்டேன். இப்ப அத என்னா பண்றது பாப்பா?”

தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. கயல்விழியின் கையில் கூம்பு அப்படியே இருந்தது.

மலர்க்கொடி இடுப்பிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்கு அடியிலதாண்டி எம் புள்ள மத்தியானத்துல படுத்துத் தூங்கப்போவுது.”